மூணு மணி நெட்டு

சிஸ்டர் சொல்வதில் முக்கியமானது எல்லாம் அடுத்தவர் காதுக்குள்தான் நடக்கும். வெளியே கேட்கும் சத்தம் முழுவதும் அதட்டல். "ஏலே, வரிசையில நில்லு", "சளியத் துப்பிட்டு மண்ணப் போட்டு மூடு", "செருப்ப அங்கன விடு". அதட்டி முடித்து, ஆளைப் பக்கத்தில் இழுத்து, தலையைக் குனிய வைத்து, காதோடு நாலு வார்த்தை சொல்வார். அந்த நாலு வார்த்தை என்னவென்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியவே தெரியாது.

போடிக்கு மேலே, ஏலக்காயும் காப்பியும் விளைகிற ஒரு எஸ்டேட்டின் நடுவே பள்ளத்துக்குள் இருந்தது அந்தச் சுகாதார நிலையம். அவர் அங்கே நர்ஸ். நான் ஒப்பந்தத்தில் போன கம்ப்யூட்டர் பதிவாளர். வாரத்தில் மூன்று நாள் டாக்டர் ஜீப்பில் வந்து போவார். அந்த நர்ஸ் எங்களுக்குச் சிஸ்டர், எஸ்டேட்டுக்கு நர்ஸம்மா. அனுமந்தன்பட்டிக்காரர். பெயரை இங்கே எழுத எனக்குத் தைரியம் இல்லை. தெரிந்தால் போன் போட்டுத் திட்டுவார்.

அந்தப் பள்ளத்தில் எந்த போனும் எடுக்காது. மேட்டில் ஏறினாலும் ஒரே ஒரு கம்பெனி சிம்முக்குத்தான் சிக்னல் வரும், அதுவும் எதிர்மலையில் கேரளாப் பக்கம் நிற்கிற டவரின் புண்ணியத்தில். அந்த சிம் சிஸ்டரிடம் இருந்தது. அரசாங்கம் எனக்குக் கொடுத்த டேப்லெட்டில் சிம்மே கிடையாது. அதனால் தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு ஏறுவோம். காலையில் தொழிலாளர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புகிற மைதானம் அது. அங்கே அவர் தன் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போடுவார். நான் அன்றைய பதிவுகளை ஏற்றுவேன். என் வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்ச ஐம்பது நிமிடமும் எஸ்டேட்டுக்கு.

வேலை முடிந்து வருகிற பெண்கள், காப்பி உலர்த்துகிறவர்கள், லாரி டிரைவர், எல்லாரும் போனைக் கையில் பிடித்தபடி வந்து நிற்பார்கள். திருப்பூரில் இருக்கிற புருஷனைப் பார்க்க வேண்டும், பிள்ளையின் பரீட்சை முடிவு பார்க்க வேண்டும், சித்தப்பா மகள் சடங்கு போட்டோ வந்திருக்கிறதாம். ஒரே நேரத்தில் எட்டு போன்தான் இணையும். எட்டு எட்டாகக் கூப்பிடுவார். ஒவ்வொருவராகக் குனிய வேண்டும். பாஸ்வேர்டு காதுக்குள் மட்டும்.

"எழுதி ஒட்டிறலாமே சிஸ்டர். எதுக்கு இம்புட்டுப் பாடு?" என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

"ஒட்டுனா சொவத்துக்கும் தெரியும்ல தம்பி," என்றார்.

எனக்கு உள்ளூரச் சிரிப்பு. மார்க்கையன்கோட்டையில் ஆறு வருடம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவன் நான். ரவுட்டரை மாட்டுவது, கழற்றுவது, பூட்டுவது எல்லாம் என் தொழில். இந்தம்மா எனக்குப் பாஸ்வேர்டு பற்றிச் சொல்கிறார். ஆனால் அவருடைய ஹாட்ஸ்பாட்டின் பெயரைப் பார்த்த அன்று கொஞ்சம் அசந்துதான் போனேன். போன் வாங்கியபோது அவர் பெயரும் போன் மாடலும் சேர்ந்த ஒரு பெயர் அதில் தானாக இருந்திருக்கிறது. அதை அழித்துவிட்டு 'ஊசி போடப்படும்' என்று வைத்திருந்தார்.

"என் பேரு எதுக்கு ஊருக்கெல்லாம் தெரியணும்? இதப் பாத்தா வெளியாளு எவனும் கிட்ட வரமாட்டான்."

ஒரு நாள் ஏழு பேர் உட்கார்ந்திருக்கும்போது போனைப் பார்த்தவர் சட்டென்று எழுந்தார். இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் யாருடையது என்று தெரியாத ஒன்று. "இது யாரு போனு?" என்று ஒவ்வொருவர் கையாகப் பார்த்தார். கடைசியில், மேட்டோரம் மலையைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த ஒரு சுற்றுலாக்காரருடையது என்று தெரிந்தது. லாரி டிரைவர் பாவம் பார்த்துச் சொல்லியிருக்கிறார். சிஸ்டர் சத்தம் போடவில்லை. ஹாட்ஸ்பாட்டை அணைத்து, பாஸ்வேர்டை மாற்றி, ஏழு பேரையும் திரும்ப வரிசையில் நிறுத்திக் காதில் ஓதினார். பிறகு தானே அந்தச் சுற்றுலாக்காரரிடம் போய், "என்ன சார், யார்கிட்டப் பேசணும்?" என்று கேட்டு, வீட்டுக்குப் பேச வேண்டும் என்றதும் அவரையும் குனிய வைத்துச் சொன்னார்.

திரும்பி வந்து டிரைவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "நெட்டு குடுக்குறதுல எனக்கு ஒண்ணும் கொறையல. அந்த சிம்மு என் பேர்ல இருக்கு. அவுக என்ன பண்ணுனாலும் போலீஸு என்னத்தான் தேடி வரும். யாருக்குக் குடுத்தேன்னு எனக்குத் தெரியணும்ல?"

தேனிக்கு மாதாந்திரக் கூட்டத்துக்கு நாங்கள் ஒரே பஸ்ஸில் போவோம். ஒரு முறை பஸ் ஸ்டாண்டில் பூட்டில்லாத வைஃபை ஒன்று என் போனில் தெரிந்தது. இலவசம்தானே என்று இணைத்து, பேங்க் ஆப்பைத் திறந்தேன். எட்டிப் பார்த்தவர் என் கையிலிருந்து போனையே பிடுங்கிவிட்டார். "யாரு வீட்டுத் தண்ணின்னு தெரியாம குடிப்பீகளா? பாட்டு வேணா கேளுங்க. பேங்க இதுல தொறக்காதீக." அப்புறம் தன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, அத்தனை கூட்டத்துக்கு நடுவில் என் காதைப் பிடித்து இழுத்து பாஸ்வேர்டு சொன்னார். பஸ் ஸ்டாண்டே பார்த்தது. எனக்கு முப்பத்தெட்டு வயது.

ஏன் இப்படி என்று ஒரு முறை கேட்டிருக்கிறேன். "மொத வேலையில ஒரு தடவ, ஒரு பிள்ளையோட விசயத்த வாய் தவறிச் சொல்லிட்டேன் தம்பி. அதுக்கு மேல கேக்காதீக."

அந்த வருடம் எஸ்டேட் ஆபீஸுக்கு வயர் இழுத்து இணையம் வந்தது. மானேஜர் நல்ல மனதோடுதான் சொல்லியனுப்பினார்: தொழிலாளர்களுக்குத் தர முடியாது, ஆனால் சுகாதார நிலையம் தாராளமாக வைஃபையைப் பயன்படுத்திக்கொள்ளலாம், ஆபீஸ் பிரிண்டரும் அதிலேயே இணைந்திருக்கிறது. எனக்கு ஒரே சந்தோஷம். சிஸ்டர் நன்றி சொல்லி அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"கிரிக்கெட்டு பாக்குறதுன்னா பாருங்க. நம்ம ரிஜிஸ்டர் எதுவும் அங்கன போகக் கூடாது."

"வைஃபைல போனா அவங்க படிச்சிருவாங்கன்னா சொல்றீங்க சிஸ்டர்? நம்ம ஆப்புக்கெல்லாம் பூட்டு இருக்கு."

"ஆப்பு பத்தி எனக்குத் தெரியாது. அது அவுக வீடு. நோயாளி விசயத்த அடுத்தவுக வீட்டுல வச்சு ஏன் பிரிக்கணும்?"

கம்ப்யூட்டர் தெரியாதவரின் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாதக் கடைசி. மறுநாள் தேனியில் கூட்டம். காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களின் பட்டியல் டாக்டர் கையெழுத்தோடு போக வேண்டும். எங்கள் பிரிண்டரில் மை தீர்ந்திருந்தது. டாக்டரின் ஜீப் கிளம்பத் தயாராக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சிஸ்டர் ஒரு கர்ப்பிணியைப் பார்க்க, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற மேல் லைனுக்குப் போயிருந்தார். நான் ஆபீஸ் வராந்தாவுக்கு ஓடினேன். டேப்லெட்டை அவர்கள் வைஃபையில் இணைத்து, பிரிண்ட் கொடுத்தேன். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினேன். கரகரவென்று ஒரு தாள் வந்தது. எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு ஓடினேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார். எல்லாம் ஐந்து நிமிடம்.

நான் போன பிறகு அந்த பிரிண்டர் நிதானமாக இரண்டாவது தாளையும் துப்பியிருக்கிறது.

அதில் ஐந்து பெயர்கள். நான்கு பேர் வேறு ஊர்க்காரர்கள். ஒருத்தி இந்த எஸ்டேட்டில் ஏலக்காய் பறிக்கிறவள், பேச்சியம்மாள். நாற்பது வயதிருக்கும். புருஷன் இல்லை. ஒரே மகள் தேனியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள்.

மறுநாள் நான் தேனியில் இருந்தேன். அன்று காலைப் பெரட்டில், அத்தனை பேர் முன்னாலும், ஆபீஸ் ரைட்டர் அவளைத் தனியாக நிற்கச் சொல்லியிருக்கிறார். "ஒனக்கு டிபியாம்ல? சரியாப் போச்சுன்னு எழுதி வாங்கிட்டு வா. அதுவரைக்கும் மலைக்கு வராத." அன்று சாயங்காலமே குழாயடியில் அவளைக் கடைசியில் தண்ணீர் பிடிக்கச் சொல்லிவிட்டார்கள்.

உண்மையில் அவள் மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் முடிந்திருந்தது. மறு பரிசோதனை செய்து, இனி அவளிடமிருந்து யாருக்கும் பரவாது, வேலைக்குப் போகலாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார். யாருக்கும் தெரியாமல் குணமாகிக்கொண்டிருந்தவள் அவள்.

திரும்பி வந்ததும் கேள்விப்பட்டேன். சிஸ்டர் ஊசி மருந்துப் பெட்டியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஆபீஸ் பிரிண்டரில் போட்டதைப் போய்ச் சொன்னேன். கையை நிறுத்தாமல் கேட்டார்.

"எத்தன தடவ அழுத்துனீக?"

"ரெண்டு தடவ சிஸ்டர்."

"எத்தன தாளு வந்துச்சு?"

"ஒண்ணு."

பெட்டியை மூடினார். "வாங்க."

ஆபீஸில் மானேஜர் எழுந்து நின்று வரவேற்றார். சிஸ்டர் உட்காரவில்லை. "எங்க தாளு ஒண்ணு உங்ககிட்ட இருக்கு. குடுங்க சார்."

ரைட்டர் முந்திக்கொண்டார். "உங்க ஆளுதாம்மா போட்டது. நாங்களா தேடிப் போனோம்?"

"ஆமா. போட்டது எங்க ஆபீஸு. தப்பு எங்களோடது. அதுக்கு என்ன தண்டனையோ நான் டாக்டர்கிட்ட எழுதிக் குடுத்துட்டு வாங்கிக்கிறேன். எங்க தப்புக்கு அவ ஏன் வேலைய விடணும்?"

மானேஜர் தயங்கினார். "மத்த ஆளுங்களுக்குப் பயம் இருக்கும்லம்மா."

"அவ என்ன சாப்பிடுறா, எதுக்குச் சாப்பிடுறான்னு நான் சொல்ல மாட்டேன். அவ வேலைக்கு வரலாமா வரக்கூடாதான்னு டாக்டர் எழுதித் தருவாரு. அத மட்டும் பாருங்க. அந்தத் தாள்ல இன்னும் நாலு பேரு இருக்கு. அதுல ஒரு பேரு வெளிய கேட்டாலும் நான் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல வந்து உக்காந்துருவேன் சார். தனியாத்தான் உக்காருவேன். ஆனா எந்திரிக்க மாட்டேன்."

தாள் வந்தது. அங்கேயே துண்டு துண்டாகக் கிழித்து, துண்டுகளைத் தன் பையில் போட்டுக்கொண்டார். என்னை அவர்கள் முன்னால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெளியே வந்ததும் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நேராகக் கடைசி லைனைப் பார்த்து நடந்தார்.

பேச்சியம்மாள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே இருட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"பேச்சி, எங்க கையிலருந்துதான் வெளிய போச்சு. இவரு கையிலருந்து. மன்னிப்புக் கேக்க வந்துருக்கோம்."

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். பேச்சியம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஏப்பா, ஒனக்கு நான் என்ன செஞ்சேன்?"

 

அன்று இறங்கி வரும்போதுதான் எனக்கு அந்த விஷயம் தெரிந்தது. இத்தனை நாள் எப்படி யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். மாத்திரை சாப்பிடுகிறவர்களைத் தினமும் விசாரிக்க வேண்டும். வீட்டுக்குப் போனால் அக்கம்பக்கம் கவனிக்கும். சுகாதார நிலையத்துக்கு வந்தாலும் கவனிக்கும். அதனால் மூன்று மணிக்கு, பாஸ்வேர்டு சொல்லக் குனிய வைக்கும்போது, பேச்சியம்மாளிடம் ஒரு கேள்வியும் சேர்த்துக் கேட்பார்: "இன்னைக்கு மாத்திர போட்டியா? வாந்தி இருக்கா?" அவளுக்கு மட்டுமல்ல. மாதவிலக்கு தள்ளிப்போன பெண்ணுக்கு, குடியை நிறுத்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, எல்லாருக்கும் அந்த வரிசைதான். எல்லாரும் குனிகிறார்கள், எல்லாருக்கும் காதில் ஏதோ சொல்கிறார். நெட்டுக்கு நிற்கிறவர் யார், நோய்க்கு நிற்கிறவர் யார் என்று யாரால் பிரிக்க முடியும்? ஒன்றரை வருடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நானே கண்டுபிடிக்கவில்லை.

அவர் சிரித்தார். "பாஸ்வேர்ட எழுதி ஒட்டச் சொன்னீகள்ல?"

மறுநாள் மூன்று மணிக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்களத்துப் பாதையில் திரும்பினேன். அவர் எதிர்த்திசையில் நடந்துகொண்டிருந்தார். கடைசி லைன் மேட்டின் விளிம்பில் இருந்ததால் அங்கேயும் சிக்னல் வரும். பேச்சியம்மாள் வீட்டு ஜன்னல் கட்டையில் போனை வைத்தார். 'ஊசி போடப்படும்' அங்கேயிருந்து போடப்பட்டது.

முதல் நாள் யாரும் வரவில்லை. சிஸ்டர் பேச்சியம்மாளிடம் டீ கேட்டு வாங்கி, முற்றத்தில் எல்லாரும் பார்க்க உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தார். எனக்கு டீ வரவில்லை. கேட்கும் உரிமையும் எனக்கில்லை.

இரண்டாம் நாள் லாரி டிரைவர் வந்தார். மகனுக்குப் பரீட்சை முடிவு. பத்து வீடு தள்ளி நின்றார். ஹாட்ஸ்பாட் அவ்வளவு தூரம் எட்டாது.

"நர்ஸம்மா, சுத்திக்கிட்டே இருக்கு."

"கிட்ட வாங்க."

ஐந்து வீடு தள்ளி வந்தார். ஒரு கோடு தெரிந்தது.

"இன்னும் கிட்ட வாங்க. முத்தத்துக்கு வந்தாத்தான் முழுசாக் கெடைக்கும்."

மகன் பாஸ். டிரைவர் அந்த முற்றத்திலேயே நின்று கத்தினார். பேச்சியம்மாள் உள்ளேயிருந்து கொஞ்சம் சர்க்கரை கொண்டுவந்து நீட்டினாள். அவர் ஒரு விநாடி அதைப் பார்த்தார். சிஸ்டர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை. டிரைவர் சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். திருப்பூர் புருஷனை நான்கு நாள் பார்க்காமல் எத்தனை பேரால் இருக்க முடியும்? வந்தவர்களில் ஒருத்தி, குழாயடியில் பேச்சியம்மாளைக் கடைசியில் நிற்கச் சொன்னவள், சிஸ்டரிடம் மெல்லக் கேட்டாள். "நர்ஸம்மா, இவளுக்கு அந்த நோயாம்ல?"

"எந்த நோயி? நான் சிக்னலுக்கு வந்தேன். நீ எதுக்கு வந்த?"

ஊருக்கே தெரிந்துவிட்டது. இனி மறைத்து என்ன ஆகப் போகிறது, ஆமாம் என்று சொல்லி, பரவாது என்றும் விளக்கிவிடலாமே என்று நானே கேட்டேன். பொதுவாக எந்த நோய் எப்படிப் பரவும் என்று கூட்டம் போட்டு விளக்கினார். டம்ளர் மூலம் காசநோய் வராது, தட்டு மூலம் வராது, ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் குணமாகும் என்றெல்லாம் தொண்டை வற்றச் சொன்னார். பேச்சியம்மாள் பெயரை மட்டும் அவர் வாயிலிருந்து யாராலும் பிடுங்க முடியவில்லை. "கசிஞ்சது கசிஞ்சதுதான் தம்பி. அதுக்காக நானும் தொறந்து விடணுமா? அவ விசயம். அவ சொன்னாச் சொல்லட்டும்."

டாக்டரின் கடிதத்தோடு அடுத்த வாரமே பேச்சியம்மாள் வேலைக்குப் போனாள். ரைட்டர் பெயரைக் கூப்பிட்டார், அவள் "வந்தேன்" என்றாள், அவ்வளவுதான். என் பங்குக்கு டாக்டர் ஒரு விளக்கம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். சிஸ்டரும் தன் பொறுப்பு என்று தனியாக ஒன்று எழுதியிருந்தார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும்.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, பேச்சியம்மாள் கொண்டுவந்த தட்டில் இரண்டு டம்ளர் இருந்தது. ஒன்றை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அந்த டீயில் சர்க்கரை அதிகம். சொட்டு விடாமல் குடித்தேன்.

ஆறு மாத மாத்திரையும் முடிந்து கடைசிப் பரிசோதனையின் முடிவு வந்த நாள், முற்றத்தில் பதினைந்து பேராவது இருப்பார்கள். சிஸ்டர் வழக்கம்போல் பேச்சியம்மாளைக் குனியச் சொன்னார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் எடுத்தது. நிமிர்ந்தவள் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். போனில் மகளைக் கூப்பிட்டாள். ஹாஸ்டல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பெண் திரையில் வந்தாள்.

பேச்சியம்மாள் போனைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, காட்டுக்குள் ஆள் கூப்பிடுகிற குரலில் சொன்னாள். "ஏத்தா, நாஞ்சொல்லுறது கேக்குதா? ஆத்தாளுக்கு டிபி வந்துச்சு. ஒங்கிட்டச் சொல்லல, படிப்பு கெட்டுப்போகும்னு சொல்லல. ஆறு மாசம் ஒரு நா விடாம மாத்திர தின்னேன். இப்பச் சுத்தமா இல்லையாம். சோதிச்சுப் பாத்துட்டாக!"

மலையே கேட்டது. மகள் அங்கே அழுவதும் கேட்டது. குழாயடிக்காரி முன்னால் வந்து, போனுக்குள் தலையை நீட்டி, "அழுகாதத்தா, நாங்கெல்லாம் இருக்கோம்ல" என்றாள். இதைச் சொல்ல அவளுக்கு எப்படி வாய் வந்தது என்று எனக்குக் கோபம் வந்தது. பேச்சியம்மாளுக்கு வரவில்லை. போனை அவள் கையிலேயே கொடுத்து, "நீயே பேசு" என்றாள்.

சிஸ்டர் அதற்குள் எழுந்து நாலடி தள்ளிப் போய், எதிர்மலையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். தாயும் மகளும் பேசுவது தன் காதில் விழக் கூடாதாம். அத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கையில் அவர் மட்டும்.

நாங்கள் இறங்கும்போது வழியில் ரைட்டர் எதிரே வந்தார். சிஸ்டர் வணக்கம் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். ரைட்டர் என்னை ஓரமாக நிறுத்தினார்.

"என்னப்பா, பேச்சிக்கு நெசமாவே சரியாப் போச்சா? ரிசல்ட்டுல என்ன போட்டுருக்கு?"

அந்த முடிவு என் டேப்லெட்டில்தான் இருந்தது. நான்தான் பதிவேற்றியிருந்தேன். நல்ல செய்தி. லைன் முழுக்க அவளே சொல்லியாயிற்று. சொன்னால் ஒன்றும் கெட்டுவிடாது.

"எனக்குத் தெரியாது சார்," என்றேன். "பேச்சியம்மாகிட்டயே கேளுங்க."

சிஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நடையை நிறுத்தி, நான் வந்து சேர்கிற வரைக்கும் அங்கேயே நின்றார்.